பிள்ளைக்கென்று ஒரு பை

குழந்தைக்கான அவசரகாலப் பை இரண்டு வேளைகளை மனத்தில் வைத்துக் கட்டப்படுகிறது. வெள்ளத்துக்கோ புயலுக்கோ பயந்து குடும்பம் மொத்தமும் வீட்டை விட்டுக் கிளம்பி, முகாமிலோ உறவினர் வீட்டிலோ இரண்டு மூன்று நாள் தங்குவது முதல் வேளை. அந்த அலைச்சலில் பிள்ளை மட்டும் கைதவறிப்போய், தெரியாதவர்கள் நடுவே நிற்பது இரண்டாவது. முதலாவதற்குப் பால்பவுடர், டயப்பர், மருந்து, மாற்றுத்துணி என்று நிறையத் தேவைப்படும். இரண்டாவதற்குத் தேவையானவை ஒரு சட்டைப் பையில் அடங்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இந்தச் சட்டைப் பைச் சாமான்கள்தான்.

தமிழ்நாட்டில் இந்தப் பைக்கான பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு விதமாகச் சோதித்திருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, அடையாறு கரைமீறியபோது, ஆற்றோரக் குடியிருப்புகளில் பலருக்குக் கிடைத்த அவகாசம் மொட்டை மாடிக்கு ஏறும் நேரம் மட்டுமே. மின்சாரம் நின்றது, கொஞ்ச நேரத்தில் செல்போன்களும் அடங்கின. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, நாட்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்த புயல். ஆனால் அது போன பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் விளக்கெரிய வாரக்கணக்கானது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் குழந்தைக்குப் பால் பாக்கெட் வாங்கத் தெருத்தெருவாக அலைந்தார்கள். அதே மாதம் 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு சிக்கிக்கொண்டார்கள். வீட்டுப் பரணில் எவ்வளவு நல்ல பை இருந்தாலும் அந்த ரயிலில் இருந்த குழந்தைக்கு உதவியிருக்காது. மழைக்காலத்தில் பிள்ளையோடு வெளியூர் போகும்போது பையின் சுருக்கப் பதிப்பு ஒன்று கூடவே போக வேண்டும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சம்பவம் கிடைக்காது.

புயலும் ஆற்று வெள்ளமும் பெரும்பாலும் மூட்டை கட்ட நேரம் கொடுக்கும். சுனாமி, தீ, நிலநடுக்கம், சிலிண்டர் கசிவு ஆகியவை கொடுக்காது. பையை எடுக்க வீட்டுக்குள் திரும்பி ஓடுவது அந்த நேரத்தில் தற்கொலைக்குச் சமம். பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் விதியே இதுதான். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கமைஷி நகரைச் சுனாமி தாக்கியபோது, அங்கே பள்ளியில் இருந்த ஏறத்தாழ 3,000 மாணவர்கள் தப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் எடுத்த பயிற்சியின்படி, எதற்கும் யாருக்கும் காத்திராமல் மேட்டு நிலத்தை நோக்கி அவர்கள் ஓடியதே காரணம். ஆகவே பிரிந்துபோகும் பிள்ளைக்கு உதவ வேண்டிய எதையும் பையை நம்பி வைக்கக் கூடாது. அவை பிள்ளையின் உடம்பிலேயே இருக்க வேண்டும்.

உடம்போடு இருக்க வேண்டியவை

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்று வந்து சேர்ந்தது. அன்று அங்கே சேர்க்கப்பட்ட 81ஆவது நோயாளி என்பதால் ‘குழந்தை 81’ என்றே உலகம் அதை அழைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பல குடும்பங்கள் அது தங்கள் குழந்தை என்று சொன்னதாகச் செய்திகள் வந்தன. விவகாரம் நீதிமன்றம் வரை போய், மரபணுச் சோதனை பெற்றோரை உறுதி செய்து, குழந்தை தாயின் கைக்கு வந்தபோது 2005 பிப்ரவரி பாதி கடந்துவிட்டது. வசதியான நாடுகளிலும் கதை வேறல்ல. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலில் காணாமல் போனதாகவோ பெற்றோரைப் பிரிந்ததாகவோ பதிவான குழந்தைகள் 5,192 பேர். கடைசிக் குழந்தை குடும்பத்தோடு சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது.

இதற்கெல்லாம் எதிரான ஆயுதம் ஓர் அட்டை. பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், இரண்டு செல்போன் எண்கள், அவற்றோடு வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினரின் எண். வெளியூர் எண் வைக்கக் காரணம் உண்டு: உள்ளூர் இணைப்புகள் நெரிசலில் திணறும்போது சென்னையில் இருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒருவரோடொருவர் தொடர்பு கிடைக்காமல் போனாலும், மதுரையில் இருக்கும் சித்தப்பாவோடு இருவரும் தனித்தனியாகப் பேசிவிட முடியலாம். ஒவ்வாமை, தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஆகியவையும் அட்டையில் வர வேண்டும். எல்லோரும் முதலில் எழுதும் ரத்தப்பிரிவுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனை எப்படியும் சோதித்துப் பார்க்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை எந்தச் சோதனையும் அவசரத்தில் சொல்லாது.

அட்டையை லேமினேட் செய்து உள்சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ வைப்பது நல்லது. கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டால் எதிலாவது மாட்டி இறுக்கும் ஆபத்து உண்டு. பெயரை வெளியே தெரியும்படி பையிலோ சட்டையிலோ எழுதுவதும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைச் சின்னப் பிள்ளை தெரிந்தவராகவே எடுத்துக்கொள்ளும். பேச்சு வராத குழந்தைகளுக்கு உடையின் உள்மடிப்பில் பெயரும் எண்ணும் எழுதிய துணிப்பட்டையைத் தைத்துவிடலாம். அரைஞாண் கயிறு கட்டும் வழக்கம் உள்ள வீட்டில், எண் பொறித்த சின்ன உலோகத் தகட்டை அதில் கோத்துவிடலாம். எதற்கும் நேரமில்லை என்றால் அழியாத மார்க்கர் பேனாவால் முன்கையில் எண்ணை எழுதினால் போதும். திருவண்ணாமலை கார்த்திகை தீபத்திலும் சபரிமலையிலும் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை கட்டுவது இதே வேலைக்காகத்தான். கிளம்பும்போது தங்கச் சங்கிலி, வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கூட்டத்தில் அவை பிள்ளைக்குத்தான் வினையாகும்.

அட்டையோடு ஒரு புகைப்படமும் தேவை. பிள்ளை மட்டும் இருக்கும் படத்தைவிட, தாயோ தந்தையோ கூட நிற்கும் படம் பயனுள்ளது. ‘இது என் குழந்தை’ என்று சொல்லும் ஆளிடம் அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் அந்தப் படத்திலேயே இருக்கும். அதன் இன்னொரு பிரதி பெற்றோரின் பர்ஸில் இருக்க வேண்டும். செல்போனில் இருக்கிறதே என்று விட்டுவிடுவதில் பொருளில்லை, பேட்டரி தீர்ந்தால் படமும் போயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் முகம் சீக்கிரம் மாறுவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படத்தை மாற்றுவது முறை.

மூன்றாவது பொருள் விசில். கத்திக் கத்திக் குரல் போய்விடும். விசில் ஊதச் சிறு மூச்சு போதும். இடைவெளி விட்டு மும்மூன்று முறை ஊதுவது பரவலாக அறியப்பட்ட ஆபத்து அடையாளம். உள்ளே உருளும் மணி இல்லாத பிளாஸ்டிக் விசில் நனைந்தாலும் ஒலிக்கும். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையில் அலறும் பஸ்ஸரை மாட்டிக்கொண்டு போவது சாதாரணக் காட்சி. இங்கேயும் அது இணையத்தில் கிடைக்கிறது, ஆனால் பேட்டரியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரங்களின் கதையும் அதுதான். சந்தையிலும் கோயில் கூட்டத்திலும் அவை உதவும். நெட்வொர்க்கே இல்லாத வெள்ளத்தில் அவை வெறும் கடிகாரம்.

பிள்ளையின் தலைக்குள் இருக்க வேண்டியவை

பையில் வைக்க முடியாத சாமான்கள் சில உண்டு. நான்கைந்து வயதுப் பிள்ளைக்குத் தாயின் செல்போன் எண்ணைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்விக்க முடியும். எண்கள் எல்லாம் போனுக்குள் பதிந்துகிடப்பதால், பல வீடுகளில் பெரியவர்களுக்கே வீட்டார் எண் தெரியாது என்பது வேறு விஷயம். ‘அம்மா பேர் என்ன’ என்ற கேள்விக்கு ‘அம்மா’ என்றே பதில் சொல்லும் வயதில், பெற்றோரின் பெயரைச் சொல்லக் கற்பிப்பது எண்ணைவிட முக்கியம். அடுத்தது தெரு, ஊர், பள்ளியின் பெயர்.

குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ரகசியச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ‘அப்பா கூட்டிக்கிட்டு வரச் சொன்னார்’ என்று வருகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்றால் பிள்ளை ஓர் அடிகூட நகரக் கூடாது. காணாமல் போனால் நின்ற இடத்திலேயே நிற்பது, விசில் ஊதுவது, சீருடை அணிந்த காவலரையோ குழந்தையோடு இருக்கும் பெண்ணையோ அணுகுவது என்ற வரிசையைச் சில முறை நடித்துக் காட்டினால் ஆறு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். முகாமில் கழிப்பறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பதையும், உடம்பை யாராவது தொட்டுத் தொந்தரவு செய்தால் கூச்சல் போட்டுச் சொல்லலாம், அதற்காக யாரும் திட்ட மாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பேரிடர் நேரத்தில் இதைப் பேச யாருக்கும் வாய் வராது.

குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் இல்லை. பொது அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இவை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை மனப்பாடம் செய்ய 1098, 112 இரண்டும் போதும். தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டவருக்கும் சட்டம் ஒரு கடமை வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ 1098க்கோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். பாவம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வது, நல்லெண்ணத்தில் செய்தாலும், தேடும் பெற்றோரிடமிருந்து குழந்தையை மறைப்பதாகவே முடியும்.

தண்ணீரும் சாப்பாடும்

குடிப்பதற்கும் சமைப்பதற்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு வைப்பது பொதுவான வழக்கம். பால்பவுடர் கலக்கும் குழந்தை இருந்தால் பாத்திரம் கழுவவும் சேர்த்துக் கூடுதலாக வேண்டும். மூன்று நாளுக்கு என்று பார்த்தால் பிள்ளையின் முதுகில் ஏற்றும் சமாச்சாரம் இல்லை அது. பிள்ளையின் பையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று, மீதி பெரியவர்களின் பொறுப்பு. வெள்ளத்துக்குப் பின் கிடைக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். அடுப்புக்கு வழியில்லாத இடத்துக்குக் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும் என்பதால் அட்டைப்பெட்டியை வெட்டி மாத்திரையோடு வைத்துக்கொள்வது நல்லது. போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பேரிடரில் அதைவிடப் பாதுகாப்பான உணவு கிடையாது. அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. பதற்றத்தில் பால் இறங்கச் சற்றுத் தாமதமாகலாமே தவிர, குழந்தை தொடர்ந்து சப்பச் சப்பப் பால் சுரந்துகொண்டுதான் இருக்கும். முகாமில் தாய்க்குத் தண்ணீரும் சோறும் முதலில் கிடைக்கச் செய்வதும், மறைவாக உட்கார ஒரு துணி கட்டிக்கொடுப்பதும் பால்பவுடர் டப்பாவைவிட உதவும். பால்பவுடரையும் புட்டிகளையும் இலவசமாக அள்ளிக்கொடுப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துவதற்குக் காரணம், அசுத்தமான தண்ணீரில் கலக்கிய பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடுவதுதான். ஏற்கெனவே பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்குப் பழகிய டப்பாவையே எடுத்துவைக்க வேண்டும். ஆனால் புட்டி வேண்டாம். அதன் ரப்பர் காம்பைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய அங்கே வசதி இருக்காது. நம் பாட்டிகள் கையாண்ட பாலாடை இங்கே கைகொடுக்கும்: மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தில் சந்துபொந்து கிடையாது, கழுவித் துடைத்தால் சுத்தம். மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். சற்றுப் பெரிய குழந்தைக்குத் திறக்காத டெட்ராபேக் பால் மாதக்கணக்கில் கெடாது; மிக்ஜாம் நாட்களில் இரண்டு பெட்டி வீட்டில் இருந்திருந்தால் அலைச்சல் பாதி குறைந்திருக்கும்.

அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடிய, பிள்ளைக்குப் பழகிய உணவு எதுவோ அதுவே பைக்கு ஏற்றது. அவலும் சர்க்கரையும், பொட்டுக்கடலை மாவு, வறுத்த சத்துமாவு, பேரீச்சம்பழம், ரஸ்க், பிஸ்கட். சத்துமாவு கொதித்து ஆறிய நீரில் கரைத்தாலே போதும். கடலை மிட்டாய் பெரிய பிள்ளைகளுக்கு அருமையான சரக்கு. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடவே கூடாது. சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும் பொருட்களில் நிலக்கடலை முன்னணியில் இருப்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எல்லோரும் அறிவார்கள். இருட்டில், கூட்டத்தில், ஓடும் வண்டியில் அது சிக்கினால் எடுக்க ஆள் இருக்காது.

மருந்துப் பெட்டி

மருந்து விஷயத்தில் நிறைய வைப்பதைவிடக் குறைவாகவும் தெளிவாகவும் வைப்பது பாதுகாப்பு. வெள்ளத்துக்குப் பின் முகாமில் குழந்தைகளை முதலில் பிடிப்பது வயிற்றுப்போக்கு. அதற்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கைந்து. 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலக்கினால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்தாகும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டுக்கொண்டு டெட்ராபேக்கில் வந்த இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்தவர்கள் பலர். அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்த 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும், தலைதட்டிய அளவில். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி., 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றபின்னும் தொடர வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்றே போதும். வீடுகளில் தவறு நடப்பது மருந்தின் பெயரில் இல்லை, அதன் அடர்த்தியில். கடைகளில் 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப், அதே 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்று மூன்று வகை ஒரே பெயரில் கிடைக்கின்றன. ஒரு தடவைக்கான அளவு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. அதாவது 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 120 முதல் 180 மி.கி.; முதல் வகை சிரப்பில் இது ஏறத்தாழ 5 முதல் 7 மி.லி. அதே 5 மி.லி.யை டார்ச் வெளிச்சத்தில் டிராப்ஸ் புட்டியிலிருந்து ஊற்றிவிட்டால் 500 மி.கி. உள்ளே போய்விடும். ஆகவே வீட்டில் ஒரே அடர்த்தியை மட்டும் வாங்குவது, குழந்தையின் எடையையும் மருத்துவர் சொன்ன மி.லி. அளவையும் ஸ்டிக்கரில் எழுதிப் புட்டியிலேயே ஒட்டுவது, ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டிவைப்பது ஆகிய மூன்றும் கட்டாயம். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்கக் கூடாது. ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேலும் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பையைத் திறக்காமல் மருத்துவரைத் தேட வேண்டும்.

ஆஸ்பிரின் குழந்தைகளின் பையில் இருக்கவே கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டும். இருமல் சிரப்பும் தேவையில்லை. மீந்துபோன ஆன்டிபயாடிக் புட்டி, யாருக்கோ எழுதிய மருந்து எதுவும் வேண்டாம். காயத்துக்குச் சோப்பும் சுத்தமான நீரும், கட்டுத்துணி, பிளாஸ்டர், போவிடோன் அயோடின் களிம்பு, ஒரு தெர்மாமீட்டர். அதோடு பெட்டியை மூடிவிடலாம். பெட்டி பிள்ளை திறக்க முடியாததாகவும் பெற்றோரின் பையிலும் இருக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்று, ஆதார் ஆகியவற்றின் நகல்களும் இதே பெட்டிக்கு அருகில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் இருக்கும். 2015 வெள்ளத்துக்குப் பின் இழந்த சான்றிதழ்களை மறுபடி கொடுக்கவே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அசலை வங்கியிலோ மேல்மாடியிலோ வைத்து, நகலைப் பையில் வைப்பதே சரி.

துணி, வெளிச்சம், சுத்தம்

இரண்டு செட் துணி. முழுக்கை இருந்தால் கொசுவுக்கும் குளிருக்கும் ஆகும். ஒன்றாவது ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் என்று கண்ணில் அடிக்கும் நிறமாக இருக்க வேண்டும். சேற்று நீரில் நீலமும் பழுப்பும் சாம்பலும் தெரியவே தெரியாது. காலுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு அல்லது ஷூ. ஹவாய் செருப்பு முதல் பத்தடியிலேயே நீரோடு போய்விடும். வெள்ளநீரில் வெறுங்காலோடு நடப்பது ஆணி, கண்ணாடியோடு எலிக்காய்ச்சலையும் விலைக்கு வாங்குவது. மழைக்கோட்டு, மெல்லிய போர்வை, சின்னத் துண்டு. கைக்குழந்தைக்கு டயப்பரோடு பழைய பருத்தி வேட்டித் துணிகள், மடக்குக் கொசுவலை. ஒன்பது பத்து வயதைத் தொட்ட பெண் பிள்ளையின் பையில் நாப்கின், உள்ளாடை, அடர்நிறப் பாவாடை. முதல் மாதவிலக்கு முகாமில் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மாதக்கணக்கில் மூடிவைக்கும் துணி என்பதால் பாச்சை உருண்டை போடும் பழக்கம் உண்டு. கைக்குழந்தையின் துணியில் நாப்தலின் உருண்டை ஆபத்தானது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடி பட்டே சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். அந்தக் குறை பிறவியிலேயே இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. காய்ந்த வேப்பிலையே இங்கே போதும்.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி வேண்டாம், டார்ச். அதிலும் பொத்தான் பேட்டரி போடும் சின்ன விளக்குகளைத் தவிர்க்க வேண்டும். விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கத் தொடங்கும். மின்சாரம் போன வீடுகளில் இன்னொரு பழைய ஆபத்தும் இருக்கிறது: மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது. காற்றடைத்த நீச்சல் வளையத்தை உயிர்காக்கும் சாதனம் என்று நம்பிப் பையில் திணிப்பவர்களும் உண்டு. அது விளையாட்டுப் பொருள் மட்டுமே.

தனித் தேவை உள்ள பிள்ளைகள்

ஆஸ்துமா, வலிப்பு, முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். வலிப்பு மருந்தை இரண்டு நாள் விட்டாலே அடக்கிவைத்த வலிப்பு திரும்பலாம். வெள்ளம் வடிந்த வீட்டின் பூஞ்சணம் ஆஸ்துமாவைக் கிளறும். இன்ஹேலரோடு ஸ்பேசரையும் எடுக்க மறக்கக் கூடாது, அது இல்லாமல் சின்னப் பிள்ளைக்கு மருந்து நுரையீரல் வரை சரியாகப் போகாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குளிர்பெட்டி இல்லாமலும் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும், வெயிலும் கடும் வெப்பமும் படாமல் இருந்தால். மின்சாரம் இல்லாத நாட்களில் ஈர மணலோடு கூடிய மண்பானைக்குள் வைப்பது நம்மூரில் கையாளப்படும் வழி. குளுக்கோஸ், சர்க்கரை பார்க்கும் கருவி, ஊசிகள் ஒரே உறையில் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளைக்குப் பழைய கண்ணாடி ஒன்று, காதுக் கருவிக்கு மாற்று பேட்டரி.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு முகாமின் இரைச்சலும் வெளிச்சமும் தாங்க முடியாதவை. காதை மூடும் ஹெட்போன், பழகிய போர்வை, ‘தண்ணீர்’, ‘பசி’, ‘கழிப்பறை’, ‘வலி’ என்று படம் ஒட்டிய அட்டைகள். ‘இந்தப் பிள்ளை பேசாது, தொட்டால் பயப்படும், இந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பும்’ என்று இரண்டு வரி எழுதிய சீட்டு, மீட்க வருகிறவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பையும்விட உதவும்.

பிள்ளையே கட்டும் பை

மத்தியக் கல்வித் துறையின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. அவசரப் பைக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. தண்ணீர், தின்பண்டம், ஒரு செட் துணி, டார்ச், துண்டு என்றால் அதிலேயே இடம் தீர்ந்துவிடும். மீதி பெரிய பைக்கு. ஆனாலும் விளையாட்டுப் பொருள் ஒன்றுக்கு இடம் விட்டே ஆக வேண்டும். முகாமில் முதல் இரவு தூங்கவைப்பது பெரும்பாலும் அதுதான்: வாலறுந்த குரங்குப் பொம்மையோ அம்மாவின் பழைய சேலைத் துண்டோ, எதுவானாலும். புதிதாக வாங்கியது அந்த வேலையைச் செய்யாது. பெரிய பிள்ளைக்கு வெள்ளைத்தாளும் கிரேயானும், தாயக்கட்டை, ஒரு கதைப்புத்தகம். மழை நின்று முகாம் காலியாகும்வரை நாட்கள் நீளமானவை.

பையைப் பிள்ளையே கட்டினால் எதில் என்ன இருக்கிறது என்று இருட்டிலும் அதற்குத் தெரியும். பயமுறுத்தாமல், சுற்றுலாவுக்குக் கிளம்பும் தோரணையில் செய்வது நல்லது. பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, விளக்கை அணைத்துவிட்டு, பையோடு வாசலுக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கலாம். பை இருக்க வேண்டிய இடம் வாசலருகே, இடுப்புயரத்துக்கு மேல். கட்டிலுக்கடியில் வைத்தால் முதலில் நனைவது அதுதான். பரணில் வைத்தால் ஏணி தேட வேண்டும். பள்ளிப் பையிலும் அட்டையும் விசிலும் கொண்ட சிறு உறை ஒன்று இருக்கட்டும், ஆபத்து பள்ளி நேரத்திலும் வரலாம்.

சாமான்களைப் புதுப்பிக்க வருடத்தில் இரண்டு நாள் போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒன்று: செருப்பளவும் சட்டையளவும் மாறியிருக்கும், எடை கூடியதால் மருந்தளவும் மாறியிருக்கும். ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது இன்னொன்று. பருவமழைத் தொடக்கத்தை ஒட்டி அமையும் பொருத்தமான நாள் அது. பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கட்டிவைத்தால் கசிந்து டார்ச்சைக் கெடுக்காது. காலாவதி நெருங்கிய பிஸ்கட்டையும் பாலையும் வீட்டில் தீர்த்துவிட்டுப் புதியது வைக்கலாம். செல்போன் எண் மாறினால் இந்த நாட்களுக்குக் காத்திராமல் அன்றே எல்லா அட்டைகளையும் மாற்ற வேண்டும்.

வெள்ளநீர் பட்ட பையைக் காயவைத்து அப்படியே மறுபடி பயன்படுத்துவது கூடாது. துணியையும் பொம்மையையும் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தலாம். பாலாடை, கிண்ணம் போன்றவற்றைக் கொதிக்கவைக்கலாம். மூடி திறக்காத புட்டியானாலும், உறை பிரிக்காத மாத்திரையானாலும், அந்த நீர் பட்ட மருந்தும் உணவும் குப்பைக்கே.